படுத்தால் கூடுது

பிள்ளை பெற்ற பிறகு தங்கச்சிக்கு வந்த ஒரு ஆபத்தான தலையிடியைப் பற்றியது இது. எழுதவா வேண்டாமா என்று பல மாதமாக மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் தங்கச்சியிடமே கேட்டேன். "எழுதக்கா, என்ர பேரை மட்டும் போடாத" என்றாள். பேர் போடாமல் எழுதுகிறேன். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகாத ஒருத்தி உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன யூலையில்தான் அவளுக்குத் தலைப்பிள்ளை. திருகோணமலையில் யூலை என்றால் கச்சான் காற்று. காலை பத்து மணிக்கே முகத்தில் அடுப்புச் சூடு அடிக்கும், கொடியில் போட்ட சீலை அரை மணித்தியாலத்தில் காய்ந்து மொறுமொறுத்துவிடும். பிரசவம் தானாக நடக்கும் என்றுதான் இருந்தோம், கடைசி நேரத்தில் பிள்ளையின் இதயத்துடிப்புக் குறைகிறதென்று முதுகில் ஊசி போட்டு சிசேரியன் செய்தார்கள். பெண்பிள்ளை, 2 கிலோ 900. நாலாம் நாள் பாலையூற்றில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அவளுடைய கணவருக்குக் கட்டாரில் வேலை, உடனே லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும்தான் பார்த்தோம்.

அம்மா தன் அம்மா தனக்குச் செய்ததையெல்லாம் மகளுக்குச் செய்தா. காயச் சரக்கு அரைத்தா, நொச்சியும் ஆமணக்கும் போட்டு அவித்த தண்ணீரில் குளிக்க வார்த்தா, பால் சுரக்க வேண்டுமென்று சுறாப் புட்டு, காதை மூடித் தலையில் துணிக்கட்டு. குளிர் ஏறிவிடும் என்று அறை யன்னலைச் சாத்தி ஃபானையும் நிற்பாட்டிவிட்டா. தண்ணீர் மட்டும் அளந்துதான். கொதித்து ஆறிய தண்ணீர், சாப்பாட்டோடு ஒரு சின்னப் பேணி. "கூடக் குடிச்சா வயிறு வைக்கும், தையலும் ஆறாது" என்பா. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், இருந்தும் அம்மாவின் அனுபவத்துக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. அவள் இரவெல்லாம் பால் கொடுத்துக்கொண்டு, பகலெல்லாம் வியர்த்துக்கொண்டு அந்தப் பேணித் தண்ணீரோடு இருந்தாள்.

பால் கொடுத்த நேரம், பிள்ளை மூத்திரம் போன நேரம் எல்லாம் எழுதி வைக்க ஒரு ஒற்றை றூல் கொப்பி வாங்கியிருந்தேன். எட்டாம் நாள் இரவு 9.20க்குப் பக்கத்தில் என்னுடைய கையெழுத்தில் "தலையிடி, பனடோல் 2" என்று இருக்கிறது. அதுதான் ஆரம்பம். ஒன்பதாம் நாள் அதே வரி மூன்று தரம். பத்தாம் நாள் விடியற்காலை அவளே பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருக்கிறாள்: "படுத்தால் கூடுது. இருந்தால் கொஞ்சம் சுகம். சத்தி 1."

அன்றைக்கே காட்டினோம். எங்கே என்று எழுதப் போவதில்லை. பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை. "நித்திரை இல்லாததால வாற தலையிடி, இல்லாட்டி முதுகில போட்ட ஊசியால, ரெண்டு நாளில போயிடும்" என்று குளிசை தந்து அனுப்பினார்கள். எங்களுக்கும் நிம்மதி. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நித்திரையின்மையும் தலையிடியும் வருவது உலக வழக்கம்தானே.

இப்போது எனக்குத் தெரிகிற ஒரு விஷயம் அன்றைக்குத் தெரிந்திருந்தால், டொக்டருக்கு முன்னால் இருந்த அந்தக் கதிரையை விட்டு எழும்பியிருக்க மாட்டேன். முதுகில் போட்ட ஊசியால் வருகிற தலையிடி எழும்பி இருந்தால் கூடும், படுத்தால் குறையும். பெரும்பாலும் ஊசி போட்ட முதல் ஐந்து நாட்களுக்குள்ளேயே தொடங்கிவிடும். தங்கச்சிக்கு எட்டாம் நாள்தான் தொடங்கியது, படுத்தால்தான் உயிர் போனது. பதினோராம் நாள் இரவு நான் மூன்று மணிக்கு எழும்பிப் பார்க்கிறேன், கட்டிலில் அவள் இல்லை. சாப்பாட்டு மேசைக் கதிரையில், இருட்டில், நெற்றியைச் சுவரோடு வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருக்கிறாள். சுவர் குளிர்ச்சியாக இருக்கிறதாம். இருமினால் தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறதாம். "அக்கா, லைட்டு ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். நான் தலையைத் தடவிவிட்டுக்கொண்டு விடியும் வரை பக்கத்தில் இருந்தேன். அப்போதே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் காலை பிள்ளையை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் வலது கையின் சின்ன விரல் துடித்தது. அவளே அதை ஏதோ வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மற்ற விரல்கள், மணிக்கட்டு, முழங்கை என்று ஏறியது. "அக்கா பிள்ளையைப் பிடி" என்று சொன்னாள், அவ்வளவுதான். நான் பிள்ளையை வாங்கவும் அவள் சரியவும் சரியாக இருந்தது. அடித்த வலிப்பு இரண்டு நிமிஷமோ மூன்றோ, எனக்கு அது ஒரு பகல்.

சத்தம் கேட்டு வந்த அயல்வீட்டு ஆச்சி "பிள்ளைப்பெத்த சன்னி" என்றா. அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா நிலத்தில் இருந்துவிட்டா. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் சின்னம்மா ஒருத்தி தம்பலகாமத்தில் இப்படித்தான் போனவவாம், இருபது வயதில். நூல் கட்ட ஆள் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர்களில் கோபமில்லை, அவர்களுக்குத் தெரிந்த கை அது. நான் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தேன். அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் எக்லாம்ப்சியாவோ என்று பார்த்தார்கள், அதுவும் பிரசவத்துக்குப் பிறகு வரக்கூடிய வலிப்புத்தான். பிரஷர் ஏறவில்லை, சிறுநீரில் புரதம் இல்லை. அப்புறம் ஒரு இளம் டொக்டர் வந்தார், என்னுடைய பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும். லைட்டை அணைக்கச் சொல்லி, ஒரு சின்னக் கருவியால் அவளுடைய கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். "எப்ப தொடங்கினது?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை, கொப்பியைக் கொடுத்தேன். பால் நேரங்களுக்கு நடுவே விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் அந்தப் பென்சில் வரியில் நிறுத்தினார். "படுத்தால் கூடுது" என்று வாய்விட்டு வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பு வீங்கியிருக்கு அக்கா, மண்டைக்குள்ள அமுக்கம் கூடியிருக்கு. நாளத்தில குருதி உறைஞ்சு கட்டியாகியிருக்கோ எண்டு பாக்கவேணும்" என்றார்.

நாளம். பதினோராம் வகுப்புக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறேன், சிவப்புச் சோக்கால் நாடி, நீலச் சோக்கால் நாளம். இதயம், சுவாசப்பை, கால். மூளைக்குள் போகிற குருதி திரும்பி வரவும் ஒரு வழி வேண்டுமே, அந்த வழி அடைபடலாமே என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பாரிசவாதம் என்றால் நாடி அடைபடுவது அல்லது வெடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். தலை உச்சிக்குக் கீழே, முன்னாலிருந்து பின்னால் ஒரு பெரிய குருதி வாய்க்கால் போகிறது. பிடரியில் அது வலமும் இடமுமாகப் பிரிந்து, காதுக்குப் பின்னால் வளைந்து இறங்கிக் கழுத்து நாளத்தில் சேர்கிறது. தங்கச்சிக்கு உச்சியில் ஓடுகிற அந்தப் பெரிய வாய்க்காலில்தான் குருதி உறைந்திருந்தது. அது சி.டி. ஸ்கேனில் நேரே தெரியவில்லை, இடப்பக்க மூளையில் வீக்கமும் ஒரு சின்னக் கசிவும்தான் தெரிந்தன. சாதாரண சி.டி.யில் இந்தக் கட்டி பல பேருக்குக் கண்ணில் படாமலே போய்விடுமாம். நாளங்களைத் தனியாகக் காட்டுகிற ஸ்கேன் எடுத்தால்தான் உறுதி. அதற்காக வேறு மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். கந்தளாய், ஹபரணை என்று இருட்டில் கடந்துபோன அந்தப் பயணத்தில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை, அவளுடைய வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

இனி நான் சொல்லப்போவதுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டையானது, இதை விரிவாகவே சொல்லவேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டி என்று உறுதியானதும், ஹெப்பாரின் போடப்போகிறோம் என்றார்கள். குருதி உறையாமல் தடுக்கிற ஊசி. காலையில் நாங்கள் கேட்டது "மூளையில குருதி கசிஞ்சிருக்கு", அன்று இரவு கேட்பது "குருதி உறையாமல் இருக்க ஊசி". அம்மா அந்த வார்ட் வாசலில் நின்றுகொண்டு, என் வாழ்நாளில் நான் கேட்டிராத குரலில் "என்ர பிள்ளையைக் கொல்லப் போறாங்கள், நீ கையெழுத்து வைக்காத" என்றா. கட்டாரிலிருந்து தங்கச்சியின் கணவரும் போனில் அதையேதான் சொன்னார். எனக்கும் கால் நடுங்கியது. அங்கிருந்த பெரிய டொக்டர் சிங்களவர், அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை. அவர் ஒரு கடதாசியில் கோடு கீறி, அதன் நடுவில் பேனையால் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். "அம்மா, இங்க ப்ளொக். அதால இங்க லீக். ப்ளொக் போனா லீக் நிக்கும்" என்றார். மூன்று தரம் சொன்னார், பொறுமையாக.

நான் அம்மாவுக்கு அதைத் தம்பலகாமத்து வயலில் வைத்துச் சொன்னேன். "அம்மா, வடிச்சல் வாய்க்கால் அடைபட்டா வயலுக்குள்ள தண்ணி ஏறும், ஏறி ஏறி வரம்பு கசியும். நீங்க என்ன செய்வீங்கள், கசியிற வரம்பில சேறு பூசிக்கொண்டு நிப்பீங்களா, போய் வாய்க்காலை வெட்டி விடுவீங்களா?" அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பப்பாவோடு மண்வெட்டி தூக்கிக்கொண்டு போன ஆள் அவ. "வாய்க்காலைத்தான் வெட்டவேணும்" என்றா. கையெழுத்து வைத்தேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை, டொக்டர்களுக்கே இருந்திருக்கிறது. 1991இல் ஜெர்மன் மருத்துவர்கள் இருபது நோயாளிகளை வைத்து ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பத்துப் பேருக்கு ஹெப்பாரின், பத்துப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மருந்து. மூன்று மாதத்துக்குப் பிறகு பார்த்தால், ஹெப்பாரின் போட்டவர்களில் எட்டுப் பேர் முழுதாகத் தேறியிருந்தார்கள், இரண்டு பேருக்குச் சின்னக் குறை, ஒருவரும் சாகவில்லை. மற்றப் பத்தில் ஒருவர்தான் முழுச் சுகம், மூன்று பேர் இறந்துபோனார்கள். முதலே மூளையில் கசிவு இருந்தவர்கள்கூட ஹெப்பாரினில் தேறியிருந்தார்கள். சின்னச் சோதனைதான், ஆனால் அந்த இருபது பேரால்தான் தங்கச்சிக்கு அன்றிரவு தயங்காமல் ஊசி போட முடிந்தது. 2004இல் பல நாடுகளைச் சேர்த்து 624 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு வந்தது, அதில் 79 சதவீதம் பேர் முழுதாகவோ சின்னக் குறையோடோ தேறினார்கள். இந்த எண்ணை நான் போனில் எழுதி வைத்து, அந்தக் கிழமை முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஊசி வயிற்றில், நாளைக்கு இரண்டு தரம். தையலுக்கு மேலே தொப்புளைச் சுற்றி நாவல்பழ நிறத்தில் வட்டம் வட்டமாகக் கண்டல். மூன்றாம் நாள் தலையிடி இறங்கத் தொடங்கியது. ஆறாம் நாள், தலையணையில் தலை வைத்து நாலு மணித்தியாலம் தொடர்ந்து படுத்தாள். நான் பக்கத்தில் இருந்து அந்த நாலு மணித்தியாலமும் அவளுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை கொஞ்சம் பலவீனமாகத்தான் இருந்தது, பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்ட ஒரு மாதம் எடுத்தது.

பால்? அது அடுத்த பயம். ஹெப்பாரின் பாலுக்குப் போகாது. பிறகு தந்த வோர்பரின் குளிசையும் பிள்ளையைப் பாதிக்கிற அளவுக்குப் பாலில் வராது, தாய்ப்பால் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்னார்கள். இதே வேலைக்கு வந்திருக்கிற சில புதுக் குளிசைகள் பால் கொடுக்கிற தாய்க்குத் தோதில்லை, ஆகவே டொக்டரிடம் பால் கொடுப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவள் மயக்கத்தில் இருந்த முதல் இரண்டு நாளும் ஒரு நேர்ஸ் மிஸ்தான் பால் வற்றிப்போகக்கூடாது என்று கையால் பீச்சி எடுத்தா. அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, பேரைக் கேட்க மறந்துபோனேன்.

ஏன் வந்தது என்று அம்மா கேட்காத நாளில்லை. கர்ப்பத்தில் உடம்பே குருதியை இலகுவில் உறையிற மாதிரி மாற்றிவிடுகிறது. நஞ்சுக்கொடி கழரும்போது தாய் குருதி இழந்து சாகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. உறையச் செய்கிற பொருட்கள் கூடும், உறையாமல் தடுக்கிற சில குறையும். பிள்ளை பிறந்த மறுநாளே அது பழைய நிலைக்கு வந்துவிடாது. முதல் ஆறு கிழமைதான் கூடிய ஆபத்து, கொஞ்சமாகப் பன்னிரண்டு கிழமை வரைக்கும் இருக்கும். அதோடு சிசேரியன், கிருமித்தொற்று, குருதிச்சோகை, உடம்பில் நீர் வற்றுவது என்று ஏதாவது சேர்ந்தால் இன்னும் கூடும். சிலருக்குப் பிறவியிலேயே குருதி உறையும் தன்மை அதிகம், தங்கச்சிக்கும் அதற்கான பரிசோதனைகள் செய்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் இது அரிதான வருத்தம்தான். அரிதென்பதால்தான் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை.

"நான் தண்ணி குடுக்காததாலயா?" என்று அம்மா டொக்டரிடமே கேட்டுவிட்டா. "ஒரு காரணம் எண்டு சொல்ல ஏலாது அம்மா, நிறைய விசயம் சேர்ந்து வாறது. ஆனா இனி ஆருக்கும் தண்ணியை அளக்காதீங்க" என்றார் அந்த இளம் டொக்டர். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தென்னிந்தியாவில் பிரசவத்தோடு வந்த மூளைக் குருதிக்கட்டிகளைப் பற்றி 135 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 1983இலேயே வந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் குறைக்கிற வழக்கத்தை மருத்துவர்கள் அந்தக் காலத்திலிருந்தே ஒரு காரணமாகச் சந்தேகித்து வந்திருக்கிறார்கள். பத்தியத்தில் எத்தனையோ நல்லது இருக்கிறது, சுறாவும் சுடுதண்ணீர் ஒத்தடமும் இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீரை மட்டும் பூட்டி வைக்காதீர்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்தால் எடுத்தபடி குடிக்க வேண்டும், அதுவும் இந்தக் கச்சான் காலத்தில்.

அந்தச் சின்னம்மாவை நினைத்துக்கொள்கிறேன். 1828இல் எடின்பரோவைச் சேர்ந்த ஜோன் அபர்க்ரொம்பி என்ற டொக்டர், பிள்ளை பெற்று வலிப்பு வந்து இறந்த ஒரு இளம்பெண்ணின் மூளை நாளத்தில் கட்டி இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். அதற்கு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தம்பலகாமத்தில் ஒருத்தி போனபோது எங்களிடம் இருந்தது சன்னி என்ற ஒரு சொல் மட்டும்தான். அவவுக்கு இதுதானோ வேறேதோ, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

வோர்பரின் ஆறு மாதம் போட்டாள். ஐ.என்.ஆர். என்ற குருதிப் பரிசோதனை அடிக்கடி, அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை எல்லாம் சாப்பிடலாம், ஆனால் ஒரு கிழமை சட்டி சட்டியாகவும் அடுத்த கிழமை ஒன்றுமில்லாமலும் இருக்கக்கூடாது. இலைக்கறியில் இருக்கிற விற்றமின் கே அந்தக் குளிசையின் வேலையை மாற்றும். காயச் சரக்கையும் நாட்டு மருந்தையும் நிறுத்தச் சொன்னார்கள். பல்வலி, உளைவு என்று கடையில் கண்ட வலிக்குளிசையை வாங்கிப் போடக்கூடாது. வோர்பரின் போடும்போது கர்ப்பம் தரித்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு, அதேநேரம் ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசை அவளுக்கு இனி எப்போதுமே வேண்டாம் என்றார்கள், அதுவே குருதியை உறையப்பண்ணும். மருத்துவமாதுவோடு பேசி லூப் போட்டாள். அடுத்த பிள்ளை பெறவே கூடாது என்று இல்லை, கர்ப்பம் என்று தெரிந்த உடனே போய்ச் சொன்னால் ஹெப்பாரின் ஊசியோடு பார்த்துக்கொள்வார்கள்.

போன மாதம் எடுத்த ஸ்கேனில் நாளம் பெரும்பாலும் திறந்திருக்கிறது. வலிப்புக் குளிசை இன்னும் தொடர்கிறது.

இந்த வருத்தம் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தலையிடி இருக்கும், சிலருக்கு அது ஒன்றுதான் இருக்கும். பனடோலுக்கு அடங்காமல் நாளுக்கு நாள் கூடுகிற தலையிடி, படுத்தால், இருமினால், முக்கினால் கூடுகிற தலையிடி, அதோடு சத்தி, பார்வை மங்கல், இரட்டையாய்த் தெரிதல், ஒரு கை கால் மரத்துப்போதல், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் "பிள்ளை பெற்று இத்தனையாம் நாள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், சிலவேளை பிள்ளை வீட்டில் இருக்கும், பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஒருதரம் காட்டிக் குளிசை வாங்கி வந்தும் சுகமில்லையா, திரும்பப் போங்கள், வேறிடம் போங்கள், "மூளை நாளத்தில் குருதிக்கட்டி இருக்குமோ" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதால் ஒருவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை, கோபித்தாலும் பரவாயில்லை. ஒரு கொப்பியில் நேரம் எழுதி வையுங்கள்.

போன கிழமை சாம்பல்தீவில் தெரிந்த வீடு ஒன்றில் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். அம்மா பார்க்கப் போனா, நானும் கூடப் போனேன். கொண்டுபோன சாமான்களைக் கொடுத்துவிட்டு, பிள்ளையைக்கூடப் பார்க்காமல் நேரே அந்தப் பெட்டையின் கட்டிலில் போய் இருந்தா. "தலையிடி இருக்கா பிள்ளை? படுத்தாக் கூடுதா?"

"இல்லை மாமி, நித்திரைதான் இல்லை."

அம்மா எழும்பிப் போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கட்டில் தலைமாட்டில் வைத்தா. பிறகு பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெட்டை நித்திரையாகி எழும்பும் வரைக்கும் விறாந்தையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தா.